முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

அக்காவுக்கு வலது தோள்பட்டையில் வலி. கழுத்தோரத்தில் ஆரம்பித்து தோள்மூட்டு வரை யாரோ கயிற்றை இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கிறது என்பாள். தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தலையணையை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை வலி குறையும், செவ்வாய்க்கிழமை திரும்ப வந்துவிடும். வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் அவள் அலுவலகம். ஒருநாள் போனில், "நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்டா, பதினஞ்சாயிரம் ஆகுமாம்" என்றாள். "ஒரு ரெண்டு நாள் பொறுக்கா, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஓர் இஞ்ச் டேப்பை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

இந்த வலி எனக்கும் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனபோது அவர் என் தோளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "உங்க மேசை எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வருடக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்த மேசையின் உயரம் தெரியவில்லை. சென்டிமீட்டரில் அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மேசை, நாற்காலி, திரை எல்லாவற்றையும் உடம்பின் அளவிலிருந்து தொடங்கி அமைக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதைத்தான் எர்கோனாமிக்ஸ் என்கிறார்கள். தமிழில் பணிச்சூழலியல். எர்கோன் என்றால் கிரேக்க மொழியில் வேலை, நோமோஸ் என்றால் விதி. போலந்து நாட்டு அறிஞர் வோய்ச்சேக் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கடைகளில் 'எர்கோனாமிக் நாற்காலி', 'எர்கோனாமிக் மவுஸ்' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் அது ஏதோ பொருளின் ரகம் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு பொருளுக்கும் ஒரு மனிதருக்கும் உள்ள பொருத்தம். ஆறடி உயரக்காரருக்குப் பொருந்துகிற நாற்காலி என் அக்காவுக்கு எர்கோனாமிக் ஆகாது. விலை எத்தனை ஆயிரமாக இருந்தாலும் ஆகாது.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1950இல் அமெரிக்க விமானப்படை, விமானி அமரும் அறையைத் திருத்தி அமைப்பதற்காக 4,063 விமானிகளின் உடம்பை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி அந்த அளவுகளில் முக்கியமான பத்தை எடுத்துக்கொண்டார். உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று பத்திலும் சராசரியை ஒட்டியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதருக்காகச் செய்த இருக்கை ஒருவருக்குமே சரியாகப் பொருந்தாது என்று தெரிந்த பிறகுதான், நகர்த்தி மாற்றிக்கொள்ளும்படியான இருக்கைகள் வேண்டும் என்று விமானப்படை கேட்கத் தொடங்கியது. நம் ஊரில் 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்பார்கள். அவரவர் உடம்புக்கு அவரவர் கைதான் அளவு.

சரி, அக்கா வீட்டுக்கு வருவோம். "என்னடா இது, தையற்காரர் மாதிரி டேப்பைத் தூக்கிட்டு வந்திருக்கே?" என்று சிரித்தாள். அவளுடைய வழக்கமான நாற்காலியில் உட்காரச் சொன்னேன். முதுகைச் சாய்த்து, தோள்களைத் தளர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடச் சொன்னேன். பிறகு மேல்கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் மடக்கி, முன்கை தரைக்குச் சமமாக இருக்கும்படி வைத்தாள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை டேப்பைப் பிடித்தேன். 64 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையை அளந்தேன். 76.

பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அந்தப் பன்னிரண்டும் எங்கே போகிறது? தோளுக்குப் போகிறது. கை மேசைக்கு மேலே ஏற வேண்டுமென்றால் தோளைத் தூக்கித்தான் ஆக வேண்டும், அல்லது முழங்கைகளைப் பறவைச் சிறகு மாதிரி பக்கவாட்டில் விரிக்க வேண்டும். அக்கா வலது தோளைத் தூக்கிக்கொண்டு, மவுஸைப் பிடித்தபடி, தினமும் ஏழு மணி நேரம் இருந்திருக்கிறாள். "தோளைத் தூக்கிட்டே ஒரு நிமிஷம் இரு, அக்கா" என்றேன். நாற்பது வினாடியில் கையைக் கீழே போட்டுவிட்டாள். தூக்கிப் பிடித்த தசை இறுகியே இருக்கும், அதற்குள் ரத்தம் தாராளமாக ஓடாது. நடக்கும்போது கால் தசை இறுகுவதும் தளர்வதுமாக இருப்பதால் ஒரு மணி நேரம் நடந்தாலும் இப்படி வலிப்பதில்லை. அசையாமல் தாங்கிப் பிடிப்பதுதான் தசைக்குப் பெரிய தண்டனை.

ஆக, உங்கள் மேசையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எண் இந்த முழங்கை உயரம். கீபோர்டின் மேற்பரப்பு இந்த உயரத்திலோ, இதற்கு ஒரு விரலகலம் கீழேயோ இருக்க வேண்டும். மவுஸும் அதே மட்டத்தில், கீபோர்டை ஒட்டியே இருக்க வேண்டும். கடையில் விற்கிற மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 76 சென்டிமீட்டர் உயரம். ஐந்தேகால் அடிக்குக் குறைவான உயரமுள்ள எவருக்கும் இது அதிகம். நம் வீடுகளில் பெண்களில் பலர் அந்த உயரம்தான். அவர்களுக்குத் தோள்வலி வந்தால், 'வயசாகுது, கால்சியம் குறைவு' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த மேசையை ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம் இது.

மேசை உயரமாக இருந்தால் செய்யக்கூடியவை மூன்று. நாற்காலியை உயர்த்தலாம், மேசையைத் தாழ்த்தலாம், கீபோர்டை மட்டும் தாழ்த்தலாம். நாற்காலியை உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும், அதற்கு ஒரு முட்டு வேண்டும். கீபோர்டை மட்டும் தாழ்த்துவதற்கு அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மேசை அருமையான பொருள். இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு தட்டு, மேல்பலகைக்கு ஏறக்குறைய ஒரு கையகலம் கீழே இருக்கும். லேப்டாப் வந்த பிறகு அவற்றையெல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் போட்டுவிடாதீர்கள். தட்டின் அகலம் மவுஸையும் சேர்த்து வைக்கப் போதுமா என்று மட்டும் பாருங்கள்.

அக்காவுக்கு நாங்கள் இரண்டாவது வழியை எடுத்தோம். பால்கனியில் சும்மா கிடந்த, 75 சென்டிமீட்டர் உயரமுள்ள தேக்கு மேசை ஒன்று இருந்தது. அவளுடைய முழங்கை 64, கீபோர்டின் தடிமன் 2. அப்படியானால் மேசை 62 இருக்க வேண்டும், 13 சென்டிமீட்டர் போக வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் ரம்பத்தை எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் டிராயர் இருக்கிறதா, அறுத்த பிறகு தொடை இடிக்குமா, கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். அக்காவை உட்காரவைத்து தொடைக்கு மேலே எத்தனை விரல் இடைவெளி நிற்கும் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு மேசையைக் கவிழ்த்துப்போட்டு, நான்கு கால்களிலும் மட்டப்பலகை வைத்து பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, நான்கு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கோடு போடத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

நாற்காலியின் உட்காருமிடம் 43 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அக்காவின் குதிகால் தரையைத் தொடவில்லை, முன்பாதம்தான் ஊன்றியிருந்தது. கால் ஊன்றாவிட்டால் காலின் கனமெல்லாம் தொடையின் அடிப்பாகத்தில் விழும், நாற்காலியின் விளிம்பு அங்கே அழுத்தும், கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். தப்பிக்க நாமே அறியாமல் முன்னால் நகர்ந்து உட்காருவோம், முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடும். இதற்கு என்று தனியாகக் கால்தாங்கி விற்கிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பூஜை அறையில் இருந்த பழைய மணை ஒன்றை எடுத்துக் காலடியில் வைத்தோம். நான்கு சென்டிமீட்டர், கச்சிதம். மணை போதாத உயரமானால் தடித்த புத்தகங்களைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். வழுக்காமல் இருந்தால் போதும்.

முதுகுக்கு வருவோம். இங்கேதான் தப்பான யோசனைகள் அதிகம். 'நிமிர்ந்து உட்கார்' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். படங்களிலும் முதுகு, இடுப்பு, முட்டி எல்லாம் 90 டிகிரியில் கோடு போட்ட மாதிரி ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அப்படி பத்து நிமிடம் உட்காரலாம், எட்டு மணி நேரம் முடியாது. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுக்குள் (டிஸ்க்) ஊசியைச் செலுத்தி அதற்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாகவே அளந்தார். முன்னால் கூனி உட்காரும்போது அழுத்தம் ஏறியது. பின்னால் சாய்ந்தால் உடம்பின் பாரத்தில் ஒரு பகுதியை நாற்காலி வாங்கிக்கொள்கிறது. அதனால் சற்றே பின்னால் சாய்ந்து, 100 முதல் 110 டிகிரி வரை உட்காருவது நல்லது. சாய்வது சோம்பேறித்தனம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சாயும்போது இடுப்புக்கு மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில் ஒரு தாங்கல் வேண்டும். ஒரு குளியல் துண்டை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வைத்துச் சாய்ந்து பாருங்கள். இதமாக இருந்தால் அது உங்கள் தடிமன். தள்ளுகிற மாதிரி இருந்தால் துண்டைச் சிறியதாக்குங்கள். புது நாற்காலி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையில் மூன்றைப் பாருங்கள். உயரம் ஏறி இறங்குகிறதா? முட்டியின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா? கைப்பிடி மேசைக்கு அடியில் போகிறதா? கைப்பிடி மேசையில் முட்டினால் நாற்காலி உள்ளே போகாது, நீங்கள் எட்டி எட்டித்தான் வேலை செய்வீர்கள். வாங்குவதற்கு முன் கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

லேப்டாப்பில் ஒரு சங்கடம் பிறவியிலேயே இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய முடியாது. தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார். தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மீது விழும் பாரம் 12 கிலோவாகிறது, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது என்ன கனம் என்று தெரியும்.

தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள். சாதாரணமானவை ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. மேசை விஷயத்தில் பணம் செலவழிக்க ஒரே ஓர் இடம்தான் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். பிறகு லேப்டாப்பை உயர்த்துங்கள். திரையின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். அக்காவுக்கு ஒரு சாண் உயரம் ஏற்ற வேண்டியிருந்தது. அவள் படித்த காலத்துக் கணக்குப் புத்தகங்கள் ஆறு அதற்குப் போதுமாக இருந்தன. அடியில் காற்றுத் துளைகள் அடைபடாமல் வையுங்கள். திரை எவ்வளவு தூரத்தில்? சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொட வேண்டும். பூக்காரம்மா அளக்கிற கணக்கில் ஒன்றரை முழம். அந்தத் தூரத்தில் எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், தலையை முன்னால் நீட்டாதீர்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு முக்கியமான விலக்கு. வெள்ளெழுத்துக்காக பைஃபோகல் அல்லது புரொக்ரெசிவ் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் திரையைப் பார்ப்பார்கள். திரையைக் கண்மட்டத்தில் வைத்தால் மோவாயைத் தூக்கி, பின்கழுத்தை மடித்துப் பார்க்க வேண்டிவரும். அவர்கள் திரையை இன்னும் சில அங்குலம் இறக்கிக்கொள்ள வேண்டும். கண் மருத்துவரிடம் கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி கேட்டு வாங்கலாம்.

மணிக்கட்டு நேராக இருக்கட்டும். கீபோர்டுக்கு அடியில் பின்பக்கமாக இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும், அவற்றை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் கீபோர்டின் பின்புறம் உயர்ந்து, கை மேல்நோக்கி வளைகிறது. விரல்களை அசைக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாகத்தான் போகின்றன. வளைத்தபடியே வேலை செய்தால் அங்கே நெருக்கடி. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மதமதத்து எழுப்பினால், அல்லது இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கினால், மேசையை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் பளபளக்கும். திரையை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புக் கண்ணாடியில் டியூப்லைட் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேசையைத் திருப்புங்கள். இன்னொன்று, டேபிள் ஃபேன். நம் ஊர் வெயிலுக்கு அதை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வோம். திரையைப் பார்க்கும்போது ஏற்கெனவே இமைப்பது குறைந்துவிடும், அதோடு காற்றும் அடித்தால் கண் காய்ந்து எரியும். ஃபேனைக் காலுக்கோ முதுகுக்கோ திருப்பிவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது வினாடி பாருங்கள். எதிர்வீட்டு முருங்கை மரமானாலும் சரி.

"இப்படி எல்லாம் அளந்து வச்சாச்சு, இனிமே நாள் பூரா உட்காரலாமா?" என்று அக்கா கேட்டாள். கூடாது. முதுகெலும்பு வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அவற்றுக்குள் சத்து ஊறிப் போகிறது. எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும் அதே நிலையில் இருந்தால் வட்டு பட்டினி கிடக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை மேசையில் வைக்காமல் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டால், அது தீரும்போதெல்லாம் எழுந்தாக வேண்டும். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள்.

நின்று வேலை செய்யும் மேசை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாள் முழுக்க நிற்பதும் உடம்புக்குக் கெடுதல்தான். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்ற பெண்களின் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. உட்காருவது, நிற்பது, நடப்பது மூன்றும் கலந்து வர வேண்டும். அதற்கு அலமாரித் தட்டோ, சமையல் மேடையோகூட அரை மணி நேரத்துக்குப் போதும், கீபோர்டு முழங்கை மட்டத்தில் இருந்தால்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்வதும் தப்பில்லை. அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் சம்மணம் போட்டு, சாய்வான சின்ன மேசையில் பேரேடு எழுதினார்கள். சாய்வு இருந்ததால் ஏடு முகத்தை நோக்கி உயர்ந்து வந்தது, கழுத்து குறைவாகக் குனிந்தது. மடியில் லேப்டாப்பை வைத்துக் குனிவதற்கும் அதற்கும் வெகுதூரம். முட்டி ஒத்துழைத்தால், சுவரில் சாய்ந்து, முழங்கை உயரத்தில் ஒரு குட்டி மேசை போட்டு, காலை மாற்றி மாற்றி வைத்து உட்காருங்கள்.

அலுவலகத்தில் மேசையை அறுக்க முடியாது. ஆனால் நாற்காலியின் நெம்புகோலை இழுக்க ஒருவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று மாறி உட்காருகிற அலுவலகமானால், உங்கள் முழங்கை உயரத்தையும் இருக்கை உயரத்தையும் போனில் குறித்து வையுங்கள். காலையில் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் நாற்காலியைச் சரிசெய்துவிடலாம்.

அக்காவின் மேசையில் இப்போது சாயங்காலம் அவள் பையன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். அவனுக்குப் பத்து வயது. முழங்கை உயரம் அந்த நாற்காலியில் 58தான். எனவே அவனுக்கு நாற்காலியில் கெட்டியான ஒரு குஷன், காலுக்கு மணைக்குப் பதிலாக ஒரு குட்டி ஸ்டூல். வளரும் பிள்ளை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லியிருக்கிறேன். இஞ்ச் டேப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் நான் போன் செய்தபோது, அக்கா தன் பக்கத்து வீட்டம்மாவை உட்காரவைத்து அளந்துகொண்டிருந்தாள்.